பாலத்தில் பத்து நிமிடம் போதாது

ஏதென்ஸிலிருந்து பெலொபொனேசஸ் போகும் சுற்றுலாப் பேருந்துகள் கொரிந்துக் கால்வாய்ப் பாலத்தருகே நிற்கின்றன. பயணிகள் இறங்கி எட்டிப் பார்த்து, படம் எடுத்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். காட்சி மலைக்க வைப்பதுதான்: சுமார் 80 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைச் சுவர்கள், அடியில் நீலக் கோடாகத் தண்ணீர். ஆனால், அத்தோடு கிளம்புவது கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் நுழையாமல் திரும்புவதற்குச் சமம்.

ஆறு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள இந்தக் கால்வாய்க்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கி.பி. 67இல் ரோமப் பேரரசன் நீரோ தன் கையாலேயே மண்ணைக் கொத்தித் தொடங்கிவைத்தான். யூதப் போர்க்கைதிகள் 6,000 பேர் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டே நீரோ இறக்க, வேலை நின்றது. 1882இல் மறுபடி தொடங்கிய கம்பெனி திவாலாகி, வேறொரு கம்பெனி ஏற்று நடத்தி, 1893இல்தான் கால்வாய் திறந்தது. அடியில் 21 மீட்டர்தான் அகலம்; நீர்மட்டத்தில் சற்றே கூடுதல். கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக வழி போதாமல் போனது. 2019இல் 22.5 மீட்டர் அகலமுள்ள ‘பிரேமர்’ பயணிக் கப்பல் சுவரில் உரசாமல் கடந்தது உலகச் செய்தியானது. 2021இல் பாறை சரிந்து மூடப்பட்ட கால்வாய், 2022 கோடையில் சில மாதங்கள் மட்டும் திறந்து மறுபடி மூடப்பட்டு, 2023 கோடையில் திரும்பத் திறந்தது.

கால்வாய்க்கு 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கொரிந்துக்காரர்கள் இரு கடல்களையும் இணைக்க ஒரு வழி கண்டிருந்தார்கள். கல் பாவிய பாதை போட்டு, சரக்கையும் படகுகளையும் தரைவழியாகவே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இழுத்துப் போனார்கள். ‘டியோல்கோஸ்’ என்ற அந்தப் பாதையின் கற்களில் சக்கரத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. நெஞ்சை அறுக்கும் விஷயம், கால்வாயில் போகும் கப்பல்கள் எழுப்பிய அலையே பல ஆண்டுகளாக அந்தக் கற்களை அரித்துத் தின்றதுதான். கிரேக்க அரசு தாமதமாகவேனும் சீரமைப்பில் இறங்கியிருக்கிறது. பயணத் திட்டம் போடுபவர்கள் பாலத்துக்கு முன்பே இந்தக் கற்களைக் காட்ட வேண்டும்.

பக்கத்திலேயே பழைய கொரிந்து. அப்போலோ கோயிலின் ஏழு தூண்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. தமிழ் விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்களைப் படித்தவர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. பவுல் கூடாரம் செய்து பிழைத்தபடி ஒன்றரை ஆண்டு தங்கிய ஊர் இது. அவர் விசாரணைக்கு நின்றதாகக் கருதப்படும் கல்மேடை சந்தை வெளியில் இருக்கிறது. தலைக்கு மேலே அக்ரோகொரிந்துக் கோட்டை. ஏறுவதற்கே அரைநாள் ஒதுக்கலாம்.

மாலையில் போசிடோனியாவுக்கு, கால்வாயின் மேற்கு வாய்க்கு, வந்துவிட வேண்டும். அங்குள்ள பாலம் வழிவிட மேலே உயராது. படகு வந்தால் தண்ணீருக்குள் இறங்கும். இருபுறமும் வண்டிகள் காத்திருக்க, பாய்மரப் படகுகள் வரிசையாகக் கடந்தபின் பாலம் நீர் சொட்டச் சொட்ட எழும்பும். அருகிலேயே கிடக்கின்றன டியோல்கோஸின் கற்கள்.