'முடிந்தவரை' போதாது!

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஏறத்தாழ 25 லட்சம் பேரில், தமக்குத் தொற்று இருப்பதை அறிந்திருந்தவர்கள் 79 சதவீதத்தினர்தான் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கை. அறிந்தவர்களில் 86 சதவீதத்தினர் சிகிச்சையில் இருந்தனர். அவர்களில் 93 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்திருந்தது. மருந்து தன் வேலையைச் செய்கிறது. அரசும் அதை 2004 முதல் இலவசமாக வழங்குகிறது. சறுக்கல் முதல் படியில்தான். தமக்குள் தொற்று இருப்பதே தெரியாமல் சுமார் ஐந்து லட்சம் பேர் நடமாடினர் என்பதே இக்கணக்கின் பொருள்.

எச்.ஐ.வி. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கக்கூடியது. காசநோயோ, விடாத வயிற்றுப்போக்கோ வந்து மருத்துவமனைக்குப் போகும்போது எதிர்ப்பாற்றல் பெருமளவு அழிந்திருக்கும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நிலைமை வேறு. தொற்று உறுதியானவுடன் சிகிச்சை என்பது 2017 முதல் அரசின் கொள்கை. மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை என்பதும் அறிவியல் நிறுவிய உண்மை.

ஆனால், நம் பொது சுகாதார அமைப்பில் இப்பரிசோதனை யாரைத் தேடிச் செல்கிறது? கருவுற்ற பெண்களை, காசநோயாளிகளை, தொற்று அபாயம் மிகுந்த பிரிவினரை. முதல் பிரசவத்துக்குப் பதிவு செய்யும் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். கணவரோ பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்பதில்லை. குடும்பத்தில் முதலில் தெரியவருவது அவளது தொற்று என்பதாலேயே பழியும் அவள் மீது விழுகிறது. கொண்டுவந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

முப்பது வயதைக் கடந்தோருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் நடைபெறுகிறது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனையையும் விரும்புவோருக்கு அங்கேயே அளிப்பதில் என்ன தடை? நாடு முழுவதும் வயது வந்தோரில் தொற்று 0.2 சதவீதமே, செலவுக்கேற்ற பயன் இராது என்பார்கள். ஏற்கத்தக்க வாதம்தான். அப்படியானால் 2 சதவீதத்தைத் தாண்டிய மிசோரமிலும், ஒரு சதவீதத்தைத் தாண்டிய நாகாலாந்திலும் தொடங்கலாமே!

விரும்புவோருக்கு என்பது முக்கியம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், வேலைக்கு இதை நிபந்தனையாக்குவதையும் தடை செய்கிறது. 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் சொல்லாமல் செய்வதற்கு எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. முடிவு வெளியே கசியும் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் கை நீட்ட மாட்டார்கள்.

அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பரிசோதனை வசதியையும் சிகிச்சையையும் அரசு 'முடிந்தவரை' அளிக்க வேண்டும் என்கிறது. 2017-இல் மசோதா விவாதத்துக்கு வந்தபோதே இச்சொல்லுக்கு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அது நிலைத்துவிட்டது. சட்டத்திருத்தம் கொண்டுவந்து இச்சொல்லை நீக்க மத்திய அரசு முன்வர வேண்டும். அதுவரை, வடகிழக்கின் சுகாதார மையங்களுக்குப் பரிசோதனைக் கருவிகளையும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் அனுப்ப எந்தத் திருத்தமும் தேவையில்லை.