ரசிகர் வெறும் நுகர்வோர் அல்லர்

கேரளா பிளாஸ்டர்ஸ் அணி யாருக்குச் சொந்தம், அது எத்திசையில் செல்ல வேண்டும் என்ற விவாதம் கொச்சியில் ஓயவில்லை. 2014இல் சச்சின் டெண்டுல்கரை இணை உரிமையாளராகக் கொண்டு தொடங்கிய அணி பல முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது. 2018இல் சச்சினும் விலகினார். எம்மாற்றத்திலும் ரசிகர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்ற பின்னரும் கலூர் அரங்கை நிரப்பியவர்கள் அவர்களே. 2024-25 பருவத்தில் நிர்வாகத்தைக் கண்டித்து மஞ்ஞப்படை ரசிகர் அமைப்பு போராடியதில் வியப்பில்லை.

கோளாறு ஓர் அணியோடு நிற்பதன்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் தன் வர்த்தக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் ஒப்படைத்தது. அவ்வொப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், ஐஎஸ்எல் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. சில அணிகள் வீரர்கள், ஊழியர்களின் ஊதியத்தை நிறுத்தின. 1997இல் துராந்த் கோப்பையை வென்ற எஃப்சி கொச்சின் நிதி நெருக்கடியில் மறைந்ததையும் கேரளம் கண்டிருக்கிறது.

ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையில் பாதிக்கு மேல் சங்க உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இங்கு அது ஏன் இயலாது? தொழிலாளர் கூட்டத்தின்மீது வேலைக்கான சாப்பாவை வீசியெறியும் முறையை எதிர்த்து 1953இல் குருதி சிந்திய மண் மட்டாஞ்சேரி. ரசிகர்களும் வீசியெறியப்படுவதைப் பொறுக்குவோராய் இருக்க வேண்டியதில்லை. நிர்வாகக் குழுக்களில் ரசிகர், வீரர் பிரதிநிதித்துவமும் வெளிப்படையான கணக்கும் சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும்.