முப்பத்தஞ்சாயிரம் கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ் வாங்குங்க

1/ போன மாசம் ஓபியில ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். மூணு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, எப்பவும் கட்டுக்குள்ளதான் இருக்கும். அன்னைக்குப் பார்த்தா 170/100. "மாத்திரையை நிறுத்திட்டீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் போடுறேன் சார். ராத்திரிதான் தூக்கமே வரல"ன்னாங்க.

(அவங்க அனுமதியோட, அடையாளங்களை மாத்தி எழுதுறேன்.)

2/ ஏன்னு கேட்டா, லேப்டாப்! பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம். வீட்டுல இருந்தது அண்ணன் பிளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்த லேப்டாப். திடீர்னு ஒருநாள் விண்டோஸ் திறக்கல. கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. "இது செத்துப்போச்சும்மா. உயிர் குடுத்தாலும் விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

3/ புதுசு 35,000 ரூபாய். நூத்துக்கு மூணு வட்டிக்குக் கேட்டு வச்சிருக்காங்க. கணக்குப் போடுங்க. மாசம் 1,050 ரூபாய் வட்டி மட்டும். வருஷத்துக்கு 12,600. அசல் அப்படியே நிக்கும். கூலி வேலைக்குப் போற வீடு அது. பிரஷர் ஏறாம என்ன பண்ணும்?

4/ "நாளைக்கு அந்த லேப்டாப்பைக் கொண்டாங்க. அதுவரைக்கும் கடன் வாங்காதீங்க"ன்னு சொன்னேன். டியூட்டி முடிஞ்சதும் என் பையில இருந்த பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணும்போதே எஃப்12 அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். ரெண்டு மூணு நிமிஷம். திரை வந்துடுச்சு. என் போன் ஹாட்ஸ்பாட்ல அந்தப் பொண்ணோட காலேஜ் தளமும் திறந்துச்சு.

அந்த அம்மா கேட்டாங்க: "கம்ப்யூட்டரே இந்தக் குச்சிக்குள்ளதான் இருக்கா சார்?"

5/ கிட்டத்தட்ட ஆமாம். நாம "கம்ப்யூட்டர்"னு சொல்றதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு இயந்திரம்: பிராசசர், ரேம், திரை, கீபோர்டு. இன்னொண்ணு அதை இயக்குற ஆபரேட்டிங் சிஸ்டம். அது ஹார்ட்டிஸ்க்லதான் இருக்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. பென்டிரைவ்ல லினக்ஸ் இருந்தா, இயந்திரம் அங்கிருந்தே அதை ரேமுக்கு எடுத்து ஓட்டும். ஹார்ட்டிஸ்கைத் தொடவே வேண்டாம். ஹார்ட்டிஸ்கே இல்லைன்னாலும் ஓடும்.

6/ அந்த லேப்டாப்ல கெட்டுப்போனது ஹார்ட்டிஸ்க் மட்டும்தான். அதைச் சொன்னதும் அதே பென்டிரைவ்ல இருந்த பரிசோதனைக் கருவிதான். பழைய டிஸ்கைக் கழட்டிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டாங்க. செலவு, புது லேப்டாப் விலையில பத்துல ஒரு பங்குகூட இல்லை.

ஒரு கேள்வி. டெஸ்ட் எதுவும் எடுக்காம "ஆள் செத்தாச்சு"ன்னு ஒரு டாக்டர் சொன்னா விடுவீங்களா? அப்ப லேப்டாப்புக்கு மட்டும் ஏன் விடுறீங்க?

7/ இது ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அந்தத் தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குத் தனியாப் பதிவு செஞ்சா கிடைக்கும்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் விண்டோஸ் 11. அதுக்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். 2011-லேர்ந்து இந்த மாநிலத்துல பிள்ளைங்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்கள் எல்லாம் இந்த வாசல்லயே நின்னுடும்.

இயந்திரம் கெடல. வாசலை மாத்திட்டாங்க. அதுக்குப் பேரு "பழசாயிடுச்சு".

8/ அப்ப மக்கள் என்ன பண்றாங்க? வசதி இருந்தா புதுசு. கடன் கிடைச்சா கடன்ல புதுசு. ரெண்டும் இல்லைன்னா 200 ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ். அந்த ஆக்டிவேட்டரை ஓட்ட முதல்ல ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வாங்க, கவனிச்சிருக்கீங்களா? முட்டிவலிக்கு ஸ்டீராய்டு கலந்த "பவர் மாத்திரை" கொடுக்குற போலி டாக்டர் மாதிரிதான். உடனே சுகமா இருக்கும். உள்ளே எதிர்ப்புசக்தி போய்க்கிட்டே இருக்கும்.

9/ என்கிட்ட ஊசி போட வர்றவங்க "புது ஊசிதானே சார்?"னு கேப்பாங்க. சந்தோஷமா இருக்கும். 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவுல முதல்முறையா எச்ஐவி தொற்றைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல இந்தச் சமூகம் கத்துக்கிட்ட பாடம் அந்தக் கேள்வி.

அதே ஆள் நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போறார். நூறு பேர் பென்டிரைவ் சொருகின கம்ப்யூட்டர்ல தன் பென்டிரைவைச் சொருகுறார். அங்கேயே நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் அடிக்கிறார். "இது யார் யார் போட்ட ஊசி?"ன்னு ஒருத்தர்கூடக் கேக்கிறதில்லை.

10/ "என்ன சார் ஆகிடும்?"னு கேக்கிறீங்களா?

2017 மே மாசம் வானாக்ரைனு ஒரு வைரஸ். பிரிட்டன்ல இங்கிலாந்து அரசு மருத்துவமனை டிரஸ்டுகள்ல மூணுல ஒரு பங்கு பாதிக்கப்பட்டுச்சு. அப்பாயின்ட்மென்ட், ஆபரேஷன் எல்லாம் ரத்து. அந்த ஓட்டையை அடைக்குற திருத்தம் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச் மாசமே வெளிவந்திருந்துச்சு. போடாதவங்க மாட்டினாங்க.

2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்களை முடக்கிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குப் பக்கமா பேப்பர்ல எழுதி வைத்தியம் பார்த்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி. திருத்தமே வராத திருட்டு விண்டோஸ்ல உங்க வீட்டுக் கணக்கு, பொண்ணோட சர்டிஃபிகேட், ஆதார் எல்லாம் இருக்கு.

11/ நான் ஒண்ணும் யோக்கியன் இல்லை. பிளஸ் டூ முடிச்சப்ப எனக்கும் அந்த லேப்டாப் கிடைச்சுது. அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. நம்ம நாட்டு சி-டாக் உருவாக்கினது. முதல் வாரமே அழிச்சேன். எம்பிபிஎஸ் ஹாஸ்டலுக்குத் திருட்டு விண்டோஸோடதான் போனேன்.

12/ மூணாம் வருஷம், பரீட்சைக்கு நாலு நாள் முன்னாடி, பென்டிரைவைத் திறந்தா எல்லாமே ஷார்ட்கட். நோட்ஸ் ஒண்ணையும் காணோம். பக்கத்து ரூம் நண்பன் லினக்ஸ் பென்டிரைவ்ல என் லேப்டாப்பை ஆன் பண்ணினான். உள்ளே என் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்துச்சு! அந்த வைரஸ் ஃபைலை அழிக்கலை, மறைச்சு மட்டும் வச்சிருந்துச்சு. விண்டோஸ் கண்ணுக்குப் போட்ட திரை லினக்ஸ் கண்ணுக்குத் தெரியல. அன்னைக்கு மாறினவன்தான்.

13/ பாஸ் லினக்ஸைப் பத்திப் பேசியே ஆகணும். கொடுத்தது நல்ல முடிவு. 2014-ல விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்னப்பவும், அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம்னு நம்ம மாநில அரசே சொன்னது. அதுக்கும் முன்னாடி, உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டுல இருந்த காலத்துலயே அந்த நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாத்திக் காட்டுச்சு. யோசனைக்கு நம்மகிட்ட என்னைக்குமே பஞ்சம் இல்லை.

ஆனா லேப்டாப் கையில வாங்கின அன்னைக்கு அதை எப்படித் திறக்கணும்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? எனக்குச் சொல்லல. மருந்துச் சீட்டு கொடுத்து, எப்ப சாப்பிடணும்னு சொல்லாம அனுப்பின மாதிரி.

14/ கேரளாவைப் பாருங்க. அரசுப் பள்ளிகள்ல இருபது வருஷமா கட்டற்ற மென்பொருள்லதான் பாடம். அங்க முதல்ல ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தாங்க, அப்புறம் மாணவருக்குப் போச்சு. அந்தப் பிள்ளைங்க நம்ம பிள்ளைங்களைவிட எதுலயும் குறைஞ்சு போகலையே?

15/ வழக்கமான பதில்கள் வரும். முன்கூட்டியே சொல்லிடுறேன்.

"லினக்ஸ் கஷ்டம் சார்." உங்க கையில இருக்குற ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறதும் லினக்ஸ் கெர்னல்தான். ஃபயர்ஃபாக்ஸ் திறக்கத் தெரிஞ்சா போதும்.

"தமிழ் வருமா?" யூனிகோட் தமிழ் அருமையா வரும், தமிழ்99 கீபோர்டும் உண்டு. பழைய வானவில், பாமினி எழுத்துருவுல அடிச்ச ஃபைலை மட்டும் யூனிகோடுக்கு மாத்திக்கணும்.

"டேலி, போட்டோஷாப்?" நேரடியா ஓடாது. அதுல பிழைப்பு நடத்துறவங்க விண்டோஸைக் காசு கொடுத்து வாங்குங்க. உங்களைச் சொல்லல. பிரவுசர், டைப்பிங், பிடிஎஃப், ஆன்லைன் கிளாஸ். இதுக்காக மட்டும் கடன் வாங்குறவங்களைத்தான் சொல்றேன்.

16/ செய்முறை.

• 16 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, முடிஞ்சா யுஎஸ்பி 3.0. அதுல இருக்குற எல்லாமே அழிஞ்சுடும், காப்பி எடுத்துக்கோங்க.
• 4 ஜிபி ரேம் இருந்தா லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபிதான்னா ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். அந்தந்த அதிகாரபூர்வ தளத்துலேர்ந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்க. டெலிகிராம் லிங்க் வேண்டவே வேண்டாம்.
• நல்லா இருக்குற ஒரு கம்ப்யூட்டர்ல ரூஃபஸ் அல்லது எட்சர் மூலமா பென்டிரைவ்ல எழுதுங்க. சும்மா காப்பி பேஸ்ட் பண்ணினா பூட் ஆகாது.
• ஆன் பண்ணும்போது பூட் மெனு கீ: லெனோவோ, டெல்லுக்கு பெரும்பாலும் எஃப்12, எச்பி-க்கு எஃப்9.
• திரையில "இன்ஸ்டால்"னு ஒரு ஐகான் இருக்கும். சோதிச்சுப் பார்க்குறப்ப அதைத் தொடாதீங்க. தெரியாம அழுத்தி "நெக்ஸ்ட் நெக்ஸ்ட்" போட்டா உள்ளே இருக்குற டிஸ்க் அழிஞ்சுடும்.

17/ பக்க விளைவுகளும் சொல்லணும், இல்லைன்னா நான் டாக்டர் இல்லை.

• சாதாரணமா இப்படி ஓட்டினா, அணைச்சதும் நீங்க செஞ்சது எல்லாம் மறைஞ்சுடும். பிரவுசிங் சென்டர் மாதிரி இடத்துக்கு அது வரம். பாடம் படிக்க அது தொல்லை. சேமிக்கணும்னா "பெர்சிஸ்டென்ஸ்" வசதியோட எழுதணும். உபுண்டுவுக்கு ரூஃபஸ்லயே அந்த வசதி இருக்கு.
• பென்டிரைவ் மெதுவா இருக்கும், திரும்பத் திரும்ப எழுதினா தேயும். தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி போட்டு, அதுல லினக்ஸை நிரந்தரமா ஏத்திடுங்க.
• வங்கின்னு சொல்லி வர்ற போலி லிங்க்ல நீங்களே ஓடிபி கொடுத்தா, எந்த லினக்ஸும் காப்பாத்தாது.

18/ முக்கியமானது: ஆபீஸ், ஆஸ்பத்திரி, பேங்க் கம்ப்யூட்டர்ல அனுமதி இல்லாம இதைச் சொருகாதீங்க. நானே என் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல சொருகினது கிடையாது. பக்கத்துப் படுக்கை நோயாளிக்கு நம்ம இஷ்டத்துக்கு மருந்து மாத்துறோமா? அதே கதைதான்.

19/ நாம இருக்குறது செஞ்சி. முகலாயர் படை 1690-லேர்ந்து 1698 வரைக்கும் இந்தக் கோட்டையைப் பிடிக்கக் காத்துக்கிடந்துச்சு. ராஜகிரி உச்சிக்குப் போகணும்னா ஒரு பிளவைத் தாண்டணும். அது மேல ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா, மேல இருக்குறவன்தான் ராஜா. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம்.

உங்க சொந்தக் கம்ப்யூட்டருக்குப் பாலம் யார் கையில இருக்குன்னு யோசிச்சீங்களா? ஒரு தேதி குறிச்சு, "இனி இது ஓடாது"ன்னு வேற யாரோ தூக்கிடுறாங்க. நாம கீழ நின்னுக்கிட்டு வட்டிக்குக் கடன் தேடுறோம்.

20/ உதவிக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம மாவட்டத்துலயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இலவசமா சொல்லித் தர்றாங்க. தமிழ்ல படிக்க 2012-லேர்ந்து கணியம் இணைய இதழ் இருக்கு.

ஆசிரியர் நண்பர்களே, ஸ்கூல்ல மூலையில தூசி படிஞ்சு கிடக்குற கம்ப்யூட்டர்ல ஒண்ணை, ஒரு சனிக்கிழமை இப்படி ஆன் பண்ணிப் பாருங்க. சர்வீஸ் கடை வச்சிருக்கிற தம்பிகளே, உங்க பிழைப்பைக் கெடுக்க எழுதல. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்திக் கொடுங்க, நியாயமான கூலி வாங்குங்க. நானே ஆள் அனுப்புறேன்.

21/ அந்த அம்மா ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. 138/86. அதே மாத்திரைதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ("லினக்ஸ் பிரஷருக்கு மருந்து"ன்னு யாரும் ஸ்கிரீன்ஷாட் போட்டுடாதீங்க. கடன் வாங்காததுதான் மருந்து.) பொண்ணு அந்த லேப்டாப்லதான் அசைன்மென்ட் அடிக்குது. அவங்க அண்ணன் பேரு ஒட்டின ஸ்டிக்கர்கூட இன்னும் கிழியல.

வீட்டுல பரண் மேல ஒரு பழைய லேப்டாப் கிடக்குதா? தூக்கிப் போடாதீங்க. முதல்ல நாடி பார்ப்போம்.


ஓர் அரசு மருத்துவர், செஞ்சி.