ராக்கு செய்தால் கலை, பானை செய்தால் குலத்தொழிலா?

நகரத்து ஆட்கள் படிப்பு, வேலை என்று விட்டுப்போன மண்பாண்டக் கலைக்கு மறுபடி திரும்புகிறார்கள். நல்ல விஷயம். அதில் எனக்குச் சண்டை இல்லை, அதற்கு வைக்கும் பெயரில்தான் சண்டை. அவர்கள் ராக்கு செய்தால் 'கலை'. விளாச்சேரிக்காரர் மண்ணைத் தொட்டால் 'குலத்தொழில்'. என்னங்க நியாயம் இது?

ராக்கு தெரியாதவர்களுக்கு: 16-ம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோட்டோவில் தேநீர்க் கிண்ணங்களுக்காகப் பிறந்த முறை. சூளையில் தகதகவென்று இருக்கும்போதே கிண்ணத்தை இடுக்கியால் வெளியே எடுத்துவிடுவார்கள். உடனே மரத்தூளில் போட்டு மூடிப் புகையடிப்பது 1960-களில் அமெரிக்காவில் பரவிய பாணி. காற்றுக் கிடைக்காமல் மண் கறுக்கும், மேல்பூச்சு கோடு கோடாக வெடிக்கும். அழகுதான், மறுக்கவில்லை. (தண்ணீர் ஊற்றி வைத்தால் கசியும், அது வேறு கதை!)

காற்றை அடைத்துக் கறுக்க வைக்கும் வித்தை நமக்குப் புதுசா? எங்கள் அவனியாபுரத்திலிருந்து சிலைமான் தாண்டினால் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. வயது 2000 வருடத்துக்கு மேல்.

"அவங்க செய்ததையே திரும்பச் செய்யறாங்க, கற்பனை எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில், எல்லாம் அதே கைகள்தான். மானாமதுரையில் மண்ணைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக் கடம் செய்கிறார்கள். இது கற்பனை இல்லையென்றால் எது?

பயிற்சி வகுப்பில் கேட்ட கட்டணத்தைப் பேசாமல் கட்டுகிறவர்தான், பொங்கல் பானைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார். அவருக்கு மண் பொட்டலத்தில் வருகிறது. குயவருக்கோ கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும். வட்டாட்சியரே கட்டணமில்லாமல் அனுமதி தரலாம் என்று அரசு அறிவித்ததே 2024-ல்தான். அதுவரை அலைந்த அலைச்சலை அவர்களிடமே கேளுங்கள்.

மண்ணுக்குத் திரும்புகிறவர்கள் விளாச்சேரிக்கும் போகட்டும். அதே கட்டணத்தைக் கொடுத்து, 'சார்', 'மேடம்' என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளட்டும். கல்லூரிகளும் விழா நாளில் கடை போட மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், வகுப்பெடுக்கக் கூப்பிடட்டும். சம்பளத்தோடு.