பிள்ளைகளின் வலியும் கம்பெனிகளின் கணக்கும்

2015 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் ஓர் அனுமதியை வழங்கியது. ஆக்ஸிகோன்டின் என்ற வலி மாத்திரையை 11 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்பதே அந்த அனுமதி.

செய்தி வெளியானதும் அமெரிக்காவில் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. செனட்டர் ஜோ மான்ச்சின் முதல், அப்போது அதிபர் வேட்பாளராக நின்ற ஹிலாரி கிளிண்டன் வரை பலரும் கண்டித்தார்கள். கண்டிக்கக் காரணம் இருந்தது.

ஆக்ஸிகோன்டின் சாதாரணத் தலைவலி மாத்திரை அல்ல. அபின் வகையைச் சேர்ந்த ஆக்ஸிகோடோன் என்ற கடுமையான மருந்து, 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும் விதத்தில் அதற்குள் அடைக்கப்பட்டுள்ளது. முழுதாக விழுங்கினால் நீண்ட நேரம் வலியை அடக்கி வைக்கும். அதை நசுக்கித் தின்றால் 12 மணி நேர மருந்தும் மொத்தமாக உடம்பில் இறங்கி, மூச்சை நிறுத்தி ஆளையே கொன்று விடும்.

1996இல் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்த பர்டியூ ஃபார்மா கம்பெனி, மெதுவாகக் கரைவதால் இதில் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் பிரச்சாரம் செய்தது. அது பொய்ப் பிரச்சாரம் என்று 2007இல் அதன் துணை நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். அப்படியும் திருந்தவில்லை. 2020இல் மேலும் மூன்று குற்றச்சாட்டுகளில் பர்டியூ மீண்டும் குற்றத்தை ஒப்புக் கொண்டது.

1999 முதல் 2022 வரை அபின் வகைப் பொருட்களால் அமெரிக்காவில் இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் அதிகம். டாக்டர் சீட்டில் வாங்கியவை, தெருவில் விற்கும் ஹெராயின், கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டானில் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அந்தப் பேரழிவின் தொடக்கத்தில் இருந்த மாத்திரைகளில் முக்கியமானது ஆக்ஸிகோன்டின். அதையா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று பெற்றோர் கேட்டதில் தவறில்லை.

கோபம் சரி, முழக்கம் சரியா?

ஆனால், 'இப்படிப்பட்ட மருந்துகளைப் பிள்ளைகளிடம் சோதிக்கவே கூடாது' என்று அன்று எழுந்த முழக்கம் பிள்ளைகளைக் காப்பாற்றுமா என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

எலும்புக்குள் பரவிய புற்றுநோயோடு படுத்திருக்கும் 12 வயதுப் பிள்ளையையும், தீக்காயத்தோடு துடிக்கும் பிள்ளையையும், முதுகெலும்பு அறுவை முடிந்து வந்த பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். இவர்களுக்குப் பாராசிட்டமால் போதாது. சோதனை இல்லை என்பதற்காக டாக்டர்கள் கையைக் கட்டிக் கொண்டு நிற்பதில்லை. பெரியவர்களுக்கான மருந்தை எடையைப் பார்த்துக் குறைத்து, குத்துமதிப்பாகக் கொடுக்கிறார்கள். 2015க்கு முன் அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. அந்தக் குத்துமதிப்புக்கு முடிவு கட்டவே அனுமதி என்று அரசு விளக்கம் சொன்னது.

குத்துமதிப்பின் விலை என்ன என்பதற்குக் கோடீன் ஒரு பாடம். இருமலுக்கும் வலிக்கும் பல தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த மருந்து அது. உடம்புக்குள் போனதும் கோடீன் மார்பினாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அரபு, எத்தியோப்பிய, வட ஆப்பிரிக்க மக்களிடையே இத்தகையவர்கள் மற்றவர்களைவிட அதிகம். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் டாக்டர் சொன்ன அளவிலேயே கோடீன் சாப்பிட்ட சில பிள்ளைகள் மூச்சு நின்று இறந்தார்கள். 2013இல் கடும் எச்சரிக்கை வந்தது. 2017இல் 12 வயதுக்குக் கீழ் கோடீன் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்கா விலக்கியது. முறையாகச் சோதித்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மயக்க மருந்து ஆபத்து என்று சொல்லி, மருந்தின்றியோ பெயருக்குக் கொஞ்சம் கொடுத்தோ அறுவை செய்த காலம் ஒன்று இருந்தது. 1987இல் இந்திய வம்சாவளி மருத்துவர் ஆனந்தும் அவரது ஆக்ஸ்ஃபோர்டு சகாக்களும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைக்குள்ளாகும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டானில் கொடுத்தால் உடம்பு படும் பாடு வெகுவாகக் குறைகிறது என்று நிரூபித்தார்கள். பேசத் தெரியாத குழந்தையின் வலிக்குச் சாட்சி சொன்னது ஒரு சோதனைதான்.

ஆகவே சோதிப்பது குற்றமல்ல. யார் சோதிக்கிறார்கள், எதற்காகச் சோதிக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சோதனையின் லட்சணம்

ஆக்ஸிகோன்டின் சோதனையைப் பார்ப்போம். 6 முதல் 16 வயது வரை என்று தொடங்கினார்கள். 11 வயதுக்குக் கீழே போதிய பிள்ளைகள் கிடைக்கவில்லை. எனவே முடிவு 11 வயதுக்கு மேல் என்று சுருங்கியது. மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது: பாதுகாப்பு சோதிக்கப்பட்ட பிள்ளைகள் 140 பேர், மருந்து சாப்பிட்ட காலம் சராசரியாக மூன்று வாரம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத இன்னொரு குழு கிடையாது. வலியைக் குறைக்கும் என்பதற்கான ஆதாரத்தின் பெரும்பகுதி பெரியவர்களிடம் நடந்த சோதனைகளிலிருந்து எடுக்கப்பட்டது.

மூன்று வாரத்தில் வாந்தி, தலைவலி, காய்ச்சல், மலச்சிக்கல் தெரியும். இரண்டு வருடம் கழித்து, 15 வயதுப் பையன் அந்த மாத்திரையைத் தேடி அலைவானா என்பது தெரியுமா?

நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்பதை மறைக்கக் கூடாது. ஏற்கனவே ஐந்து நாட்களாவது அபின் வகை மருந்து சாப்பிட்டு, நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன் அளவைத் தாங்கிய பிள்ளைக்கு மட்டுமே கொடுக்கலாம். நிபந்தனை நல்லதுதான். ஆனால் அதைப் பொதுவெளியில் வைத்து விவாதிக்க நிபுணர் குழுவைக் கூட்டியிருக்க வேண்டும். கூட்டவில்லை. செனட்டர்கள் போர்க்கொடி தூக்கிய பிறகு, பிள்ளைகளுக்கான அபின் வகை மருந்துகளில் நிபுணர் குழுவின் ஆலோசனை பெற வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்தது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார்கள்.

ஆறு மாதப் பரிசு

இதைவிட ஆழமான சங்கதி அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. 1997 முதல் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. அரசு கேட்டபடி பிள்ளைகளிடம் மருந்தைச் சோதித்துக் காட்டும் கம்பெனிக்கு, அந்த மருந்தில் மேலும் ஆறு மாதம் ஏகபோக உரிமை நீட்டிக்கப்படும். மருந்து பிள்ளைகளுக்கு உதவாது என்று முடிவு வந்தாலும் பரிசு உண்டு. ஏகபோகம் பிள்ளைகளுக்கான விற்பனைக்கு மட்டுமல்ல, மொத்த விற்பனைக்கும் சேர்த்துத்தான். ஆக்ஸிகோன்டின் ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் விற்ற காலம் உண்டு. அப்படிப்பட்ட மருந்துக்கு ஆறு மாதம் என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பரிசே கொடுக்காவிட்டால் யார் சோதிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சட்டத்தால் பல மருந்துகளில் பிள்ளைகளுக்கான சரியான அளவு தெரிய வந்தது என்பதும் உண்மை. ஆனால் பரிசு எங்கே கொழுக்கிறதோ அங்கேதான் சோதனை ஓடும். அதிகம் விற்கும் மருந்தைச் சோதிப்பார்கள். பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுகிற, ஆனால் காப்புரிமை முடிந்து மலிவாகிப் போன மருந்தை யார் சீண்டுவார்கள்? இந்தக் குறையை அமெரிக்காவே உணர்ந்துதான், 2002 சட்டத்தின் மூலம் அத்தகைய பழைய மருந்துகளை அரசின் தேசிய சுகாதார நிறுவனமே பிள்ளைகளிடம் ஆராய வழி செய்தது. ஆக, கம்பெனியின் தயவில்லாமலும் சோதிக்க முடியும்.

யார் வீட்டுப் பிள்ளை?

சோதனை என்றதும் ஏழைகள் அஞ்சுவது வீண் அச்சமல்ல. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக் காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் கம்பெனி டிரோவன் என்ற புது மருந்தை அங்கே சோதித்தது. 200 பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குப் பழைய மருந்து. இரு தரப்பிலுமாக 11 பேர் இறந்தார்கள். நோயால்தான் இறந்தார்கள் என்றது கம்பெனி. இது சோதனை என்றே எங்களுக்குச் சொல்லவில்லை என்றார்கள் பெற்றோர்கள். 2009இல் கானோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அந்தக் காயத்தின் அவநம்பிக்கை, பின்னாளில் அதே ஊரில் போலியோ சொட்டு மருந்தையும் தட்டி விட வைத்தது.

நம் நாட்டிலும் நடந்தது. 2009இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். அப்போது நிகழ்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் சம்மதம் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடியது.

நம் நாட்டில் வேறு அநியாயம்

அமெரிக்கா அள்ளிக் கொட்டியது. நாமோ பூட்டி வைத்தோம். 1985இல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்கும் குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறைக்கும் பயந்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினையே ஒதுக்கின. 500 கிலோவுக்கு மேல் இருந்த நாட்டின் ஆண்டுப் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சரிந்தது. அரசு உரிமத்தோடு அபின் பயிரிட்டு ஏற்றுமதி செய்த நாட்டின் கதை இது! கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடிய பிறகு 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டது. அப்படியும், இந்தியாவுக்குத் தேவையான வலி மருந்தில் 4 சதவீதமே கிடைக்கிறது என்று 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. அமெரிக்காவில் தேவையைப் போல் 30 மடங்குக்கு மேல்!

நீண்ட நேரம் வேலை செய்யும் மார்பின் மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் மாவட்ட மருத்துவமனையின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

பிள்ளைகளிடம் செய்யும் வலி மருந்துச் சோதனைக்கு அரசுப் பணம் வேண்டும். கம்பெனி பணம் போட்டாலும் முடிவை எடைபோடுபவர்கள் அதன் சம்பளக்காரர்களாக இருக்கக் கூடாது. மூன்று வாரத்தோடு கணக்கை முடிக்காமல் அந்தப் பிள்ளைகளைச் சில ஆண்டுகளாவது பின்தொடர வேண்டும். பெற்றோருக்குப் புரியும் மொழியில் சொல்லி சம்மதம் பெற வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். அது காகிதத்தோடு நின்று விடக் கூடாது. முடிவு சாதகமோ பாதகமோ, முழுதாக வெளியிடப்பட வேண்டும்.

கம்பெனி மீதுள்ள கோபத்தில் மருந்தையே பிள்ளைக்கு மறுப்பதும் அநியாயம். பிள்ளையின் வலியைக் காட்டிக் கம்பெனி காசு பார்ப்பதும் அநியாயம். இரண்டையும் ஒரே குரலில் எதிர்க்கிற கடமை நமக்கு இருக்கிறது. இரவெல்லாம் வலியில் கதறும் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் விழித்திருக்கும் தாய்க்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்சியாளர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.