வாடகைத் தீவு

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் வெளியூர் ஆசாமியிடம் இதைச் சொல்லும்போது, என்னமோ தானே சிமெண்ட் குழைத்துக் கட்டியது மாதிரி ஒரு மிதப்பு வரும். அந்த மிதப்போடு பினாங்குத் தீவுக்குப் போய்விடாதீர்கள். அங்கே தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. 2012-ல் கட்டி முடித்த புதுக் கோயில். மூச்சு வாங்க மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கீழே ஜார்ஜ் டவுன், அப்பால் கடல்.

நான் பினாங்கு போகிறேன் என்றதும் எதிர்வீட்டு நாயுடுகாரு கவலைப்பட்டார். "எந்துகு பாபு? எல்லாரும் கோலாலம்பூர் போவாங்க, ரெட்டை கோபுரம் முன்னால போட்டோ எடுப்பாங்க, அப்படியே சிங்கப்பூர். நடுவுல பினாங்கு என்னத்துக்கு?"

பழைய ஊர், நடந்தே பார்க்கலாம் என்றேன்.

"பழைய ஊர் பாக்கணும்னா பாரிமுனை போயேன். அதுவும் ஜார்ஜ் டவுன்தானே?"

வாஸ்தவம். இரண்டும் ஜார்ஜ் டவுன்தான். பினாங்கில் இருப்பது மூன்றாம் ஜார்ஜ். நம்முடையது ஐந்தாம் ஜார்ஜ். அதுவரை கறுப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு 1911-ல் ராஜா பெயரை வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்கு ஊர் பிடிக்கத் தெரிந்த அளவுக்குப் பெயர் பிடிக்கத் தெரியவில்லை.

போவது முன்போலக் கஷ்டமில்லை. 2023 டிசம்பரில் மலேசியா நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் விட்டது இண்டிகோ. ஏறக்குறைய நாலு மணி நேரம். திருத்தணியிலிருந்து மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மீனம்பாக்கம் போய்ச் சேர மூன்று மணி நேரம். ஆக, எங்களுக்கு விமான நிலையமும் பினாங்கும் ஏறக்குறைய ஒரே தூரம்.

எங்கள் தாத்தா காலத்தில் இதே பயணம் கப்பலில். சென்னையில் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, வங்கக் கடலைத் தாண்டுவது. 'ரஜுலா' கப்பல் என்றால் பழைய மனிதர்களின் முகம் இன்றும் ஒரு மாதிரி ஆகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே போனவர்கள். அதற்குப் பிறகு ஓடிய 'சிதம்பரம்' 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கதை முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னாடி ராஜேந்திர சோழன் 1025-ல் போன கடாரம் இருக்கிறதே, அது பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள கெடா. அந்தக் கெடா சுல்தானுடைய சொத்துதான் பினாங்குத் தீவு. இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஊர் சுற்றிப் பார்க்கப் போனாலும் எனக்குக் கண்ணில் படுவது டெபிட், கிரெடிட், வாடகை பாக்கி.

1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற வியாபாரி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவில் கொடி ஏற்றினார். சுல்தானுக்கு அப்போது பயம் ஒன்றுதான்: சயாம்காரன் வந்து அடிப்பான். 'அடித்தால் கம்பெனி துணைக்கு வரும்' என்ற நம்பிக்கையை லைட் கொடுத்தார். கம்பெனியோ அப்படி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்த பிறகு வாடகைச் சீட்டைப் படித்துப் பார்த்த சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது சுல்தான் நிலைமை. 1791-ல் படை திரட்டித் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். லைட் முந்திக்கொண்டு அடித்தார். முடிவு? வருஷத்துக்கு 6,000 ஸ்பானிஷ் டாலர் என்று ஒப்பந்தம். 1800-ல் எதிர்க்கரையிலும் ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்கொண்டு 10,000 ஆக்கினார்கள். 1821-ல் சயாம்காரன் நிஜமாகவே கெடா மீது பாய்ந்தபோது, கம்பெனி அக்கரையில் வேடிக்கை பார்த்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, கம்பெனி போய், ராணி போய், மலேசியா சுதந்திரம் வாங்கின பிறகும் கெடாவுக்கு அந்தப் பத்தாயிரம் போய்க்கொண்டிருந்ததுதான், ரிங்கிட்டில். 1800-ல் போட்ட தொகை! திருத்தணி மலையடிவாரத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் இந்த விவரத்தைச் சொன்னால் கண்ணில் தண்ணீர் விடுவார்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் லைட் துரைக்குச் சிலை இருக்கிறது. மிடுக்காக நிற்கிறார். ஆனால் முகம் அவருடையது இல்லை. அவர் எப்படி இருப்பார் என்று காட்ட ஒரு படம்கூடக் கிடைக்கவில்லையாம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தைத் திட்டம் போட்ட அவருடைய மகன் வில்லியம் லைட்டின் ஜாடையை எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா சிலைக்கு மகன் முகம். காட்டை வெட்ட ஆள் வராததால் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைப் பொறுக்கப் போனவர்கள் வழியில் காட்டையும் வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான். கூலியைக் கையில் கொடுத்தால் கதை ஆகாது பாருங்கள்.

மிச்ச வேலையைச் செய்தவர்களுக்கு அந்தக் காசும் கிடையாது. 1790 முதலே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சாலை போட்டது அவர்கள். 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அந்த வெள்ளைத் தூண்களும் பசும்புல்லுமாகக் காலண்டர் படம் போல இருக்கிறதே, அதிலும் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிக்க மிக நல்ல இடம். நானும் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

சின்ன மருது மகன் துரைசாமி.

1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அது நமக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு அடுத்த பக்கத்தை நமக்கு யாரும் புரட்டிக் காட்டவில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் பாளையக்காரர் போரில் பிடிபட்ட 73 பேர். அதில் ஒருவன் துரைசாமி. வயது பதினைந்து என்கிறார்கள். நம் வீட்டில் அந்த வயதுப் பையனைத் தனியாகச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட யோசிப்போம். அவனை ஏற்றிவிட்ட இடம் வேல்ஸ் இளவரசர் தீவு. பினாங்குக்கு அன்றைய பெயர் அதுதான்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கம்பெனி ராணுவ அதிகாரி. சண்டை வருவதற்கு முன்னால், சின்ன மருதுவோடு சிநேகிதமாக இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார், உத்தியோகம். 1818-ல் இந்த வெல்ஷ் பினாங்குக்கு வருகிறார். ஒரு கைதி எதிரே வந்து நிற்கிறான். தளர்ந்துபோன ஆள். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. துரைசாமி. கணக்குப் போட்டால் அப்போது அவனுக்கு முப்பது சொச்சம். பதினாறு வருஷத்தில் கிழவனாகிவிட்டிருக்கிறான். தனக்கு மனசு துடித்துப்போனதாக வெல்ஷ் 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

துடிக்காமல் என்ன. அப்பன் வளரி சொல்லிக் கொடுத்தவன், பிள்ளை தீவுக் கைதி. தேவாலயம் எழுந்த அதே 1818. அந்தத் தூண்களுக்குச் செங்கல் சுமந்தவர்களில் துரைசாமியும் உண்டா என்று எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான் பாதி இளநீரோடு எழுந்துவிட்டேன். "ஏன், தித்திப்பா இல்லையா?" என்றாள் மனைவி.

பெயரைப் பாருங்கள், துரைசாமி. எங்கள் ஊரில் துரை விஷயம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி துரைமாரைப் போய்ப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்து வணக்கம் சொல்ல வேண்டும், உத்தியோகஸ்தர்களுக்கு. அந்தத் துரையை எதற்குப் பார்க்கிறீர்கள், திருத்தணியில் பெரிய துரை இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-18 வாக்கில் ஆரம்பித்து வைத்ததுதான் டிசம்பர் 31 படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். இன்றைக்கும் அன்று ராத்திரி ஊரில் நிற்க இடமிருக்காது. லைட் துரை சிலை முன்னால் நின்றபோது எனக்கு இது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பினாங்கில் தெருவுக்கு இரண்டு போர்டு, 'நாசி கந்தர்' என்று. ஆஹா, நம் கந்தர் பேரில் ஓட்டல் என்று கும்பிட்டுவிடாதீர்கள். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கந்தர் என்பது தோளில் வைக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் கம்பின் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஆக, காவடிதான்! வேண்டுதல் இல்லாத காவடி. மீன், கோழி, வெண்டைக்காய் என்று நாலைந்து குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்ல அங்கே 'பஞ்சிர்' என்று ஒரு வார்த்தை உண்டு. வெள்ளம் என்று அர்த்தம். நம் வீட்டில் குழம்போடு ரசத்தைக் கலந்தாலே முறைப்பார்கள்.

நிஜக் காவடி பார்க்கத் தைப்பூசத்துக்குப் போக வேண்டும். செட்டியார்களின் வெள்ளித் தேர் டவுனிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் கிளம்பும்போது, வழியெங்கும் சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் குவித்து வைத்து உடைக்கிறார்கள். எதிர்வீட்டு நாயுடுகாருக்கு இந்தத் தகவல்தான் பிடித்தது. "சைனாக்காரன் கொட்டாங்கச்சிய என்ன பண்றான்?" என்று கேட்டார். அவருக்கும் வணிகவியல் வரும்.

ஊரின் அழகு ஒரு தெருவில் அடங்கிவிடும். பழைய பிட் தெரு. அந்த ஆங்கிலத் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வம் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடை தூரம். அடுத்த தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன். பள்ளிவாசலை 1801 வாக்கில் எழுப்பியவர் காதர் மொய்தீன், நம் கடற்கரையிலிருந்து போன மரைக்காயர். சூலியா தெருவில் நாகூர் தர்காவுக்கு ஒரு பிரதி. யார் யாரையோ விட்டு வந்தவர்கள், கூடவே ஊரையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்தத் தெருக்களில் கடை கீழே, வீடு மேலே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை 1948-க்கு முந்தின கட்டடங்களில் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சொந்தக்காரர் திட்டிக்கொண்டே இருந்தார். ஓடு மாற்றவில்லை, இடிக்கவும் முடியவில்லை. அதனால்தான் ஊரே பழசாக மிஞ்சியது. 2000 ஜனவரி முதல் தேதி அந்தச் சட்டம் போயிற்று. வாடகை எகிறியது, பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். 2008-ல் யுனெஸ்கோ வந்து, மலாக்காவோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரிய நகரம் என்றது. 2012-ல் ஒரு லிதுவேனியா ஓவியர் சுவரில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை வரைந்தார். அந்தச் சுவரோடு போட்டோ எடுக்க வரிசை நிற்கிறது. நானும் நின்றேன், இருபது நிமிஷம். சுவர்க் குழந்தைகளைத் தவிர அந்தத் தெருவில் வேறு குழந்தைகள் என் கண்ணில் படவில்லை.

லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றும் கடை வைத்திருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பாட்டனார் ராமநாதபுரம் பக்கமாம். ரூபாயை எண்ணிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"பாய், வீடு மேல்மாடியிலேயா?" என்றேன்.

"பொறந்தது மேலதான் தம்பி. ரெண்டாயிரத்துல எல்லாரும் எறங்கிட்டோம். இப்ப பட்டர்வொர்த்துல இருக்கேன். அக்கரை. காலையில ஃபெரி புடிச்சு வருவேன், ஆறு மணிக்குத் திரும்பிடுவேன்."

"மாடியில இப்ப?"

"ஓட்டல். ரூம் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. நான் போய்ப் பாக்கல."

"அப்ப ராத்திரியில இந்தத் தெருவுல யார்தான் இருப்பாங்க?"

நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நீங்கதான்."