கொதிக்கும் நீரில் எது பிரிகிறது?

சென்ற வாரம் என் முன்னாள் மாணவி ஒருத்தி வேதியியல் பயிற்சித்தாளுடன் வீட்டிற்கு வந்திருந்தாள். இப்பொழுது நான்காம் படிவம் பயில்கிறாள். நீர் கொதிக்கும்போது எழும் குமிழ்களில் இருப்பது என்ன என்னும் வினாவுக்கு, "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சூடேறினால் பிணைப்பு அறுந்துவிடும் என்று நீங்கள்தானே ஐயா சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்றாள்.

உண்மைதான். ஐந்தாம் ஆண்டு வகுப்பில், கைகோத்து நிற்கும் பிள்ளைகளாகத் துகள்களை வரைந்து, வெப்பம் பட்டதும் அவர்கள் கையை விடுவதாகக் காட்டியவன் நானே. படத்தில் பிழையில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முழு மூலக்கூறு என்பதைச் சொல்லாமல் விட்டதே பிழை.

கொதிக்கும் நீரின் குமிழ்களில் இருப்பது நீராவி. (தொடக்கத்தில் தோன்றும் சிறு குமிழ்கள் நீரில் கரைந்திருந்த காற்று; அது வேறு கதை.) மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே அன்றி, எந்த மூலக்கூறும் உடைவதில்லை. ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராம் நீரை, ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோ ஜூல் ஆற்றல் போதும். அதே நீராவியைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்கவோ 900 கிலோ ஜூலுக்கும் மேல் வேண்டும். நம் வீட்டு அடுப்பு அந்த வேலையைச் செய்வதில்லை.

குழப்பத்திற்குச் சொற்களும் காரணம் என்பது என் கருத்து. அணுக்களை இணைப்பதையும் 'பிணைப்பு' என்கிறோம். நீர் மூலக்கூறுகளுக்கிடையே உள்ளதையும் 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்கிறோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாயிலும் இரண்டும் 'இக்காத்தான்'தான். சரி, 'ஈர்ப்பு விசை' என்று சொல்லலாமென்றால், பிள்ளைகளுக்கு உடனே மரத்திலிருந்து விழும் ஆப்பிள் நினைவுக்கு வந்துவிடுகிறது! இது புவியீர்ப்பன்று, மின் ஈர்ப்பு. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டிருப்பதால், ஒன்றின் ஹைட்ரஜனை மற்றொன்றின் ஆக்சிஜன் இழுக்கிறது.

இந்த இழுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ரஜன் சல்பைடு நல்ல சான்று. அதன் மூலக்கூறு நீரைவிட ஏறக்குறைய இருமடங்கு கனமானது. இருந்தும் சுழியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. நீருக்கோ 100 பாகை வேண்டும். கடலும் ஆறும் நீர்மமாக நிற்பது இந்த இழுப்பினால்தான். இதைவிட வலுக்குறைந்த வான் டெர் வால்ஸ் விசையைக்கூட அற்பமாக எண்ண வேண்டா. சுவரில் ஓடும் பல்லி, தன் பாதத்திலுள்ள எண்ணற்ற நுண்மயிர்களின் வழி அதைக் கொண்டுதான் பற்றிக்கொள்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடக்கப்பள்ளியில் இவ்விசைகளின் பெயர்களெல்லாம் தேவையில்லை. 'மூலக்கூறு உடையவில்லை, விலகுகிறது' என்னும் ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 20 சென் நாணயத்தின்மேல் எத்தனை துளி நீர் நிற்கிறது, எத்தனை துளி ஸ்பிரிட் நிற்கிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். நீர்தான் குவிந்து நிற்கும். பெற்றோர்களும் பயிற்சித்தாளைப் பார்த்ததும் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நில்லாமல், "எது அறுந்தது? எதற்கும் எதற்கும் இடையில்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அம்மாணவி விடையைத் திருத்திக்கொண்டு போனாள். நானும் பழைய படத்தை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் 'ஒரு நீர் மூலக்கூறு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.